ஆறு வயது மகனுக்கு அடங்காத பசி: மூளையில் இருக்கும் புரதம் காரணமாக இருக்குமா?

சென்னிமலை தறிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டிலேயே தறி போட்டு பெட்ஷீட் நெய்கிறோம். மூத்தவள் பெண், 11 வயது, ஒல்லியாக இருப்பாள். அடுத்தவன் பையன், 6 வயது. அவனைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

பையன் இப்போது 43 கிலோ. உயரம் 127 சென்டிமீட்டர். பிறந்தபோது 3 கிலோ சொச்சம்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே பால் குடித்து முடித்த கையோடு மறுபடி அழுவான். ஆறாம் மாதத்துக்கு அப்புறம் ஏற ஆரம்பித்த எடை நிற்கவே இல்லை.

அக்காவுக்குப் போடுகிற அளவுதான் அவனுக்கும் போடுகிறேன். மூன்று இட்லி சாப்பிட்டுக் கை கழுவி வந்து, கொஞ்ச நேரத்தில் "அம்மா, பசிக்குது" என்று முந்தானையைப் பிடிப்பான். ஒருநாள் ராத்திரி சமையல்கட்டில் சத்தம் கேட்டு எழுந்து போய் விளக்கைப் போட்டேன். மறுநாள் மாவாட்ட ஊறப்போட்டிருந்த உளுந்தை அள்ளி மென்றுகொண்டிருந்தான். தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிகிறது, அந்தக் குண்டானை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். பச்சை உளுந்துங்க. ருசிக்கு யாராவது அதைத் தின்பார்களா?

விசேஷ வீட்டுப் பந்தியில் எல்லார் கண்ணும் அவன் இலை மேல்தான். என் அத்தை நல்ல மனசுக்காரர், அவரே "நீ ஊட்டி ஊட்டிப் பழக்கிட்டே அம்மிணி" என்கிறார். பள்ளிக்கூடத்தில் வகுப்பில் வைத்தே எடையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு வந்து "நான் கெட்ட பையனாம்மா?" என்று கேட்டான்.

ஈரோட்டில் குழந்தைகள் டாக்டர் தைராய்டு பார்த்தார், சரியாக இருக்கிறது. உயரத்தை ஒரு சார்ட்டில் குறித்துவிட்டு, "மூளையில் பசியைப் பார்த்துக்கொள்ளும் சவ்வுப் புரதங்கள் சில இருக்கின்றன. எம்சி4ஆர், லெப்டின் ஏற்பி. அதற்கான மரபணுக்களைப் பரிசோதனை செய்து பார்க்கலாம்" என்றார். வெளியே அவ்வளவு கூட்டம், மேற்கொண்டு கேட்க முடியவில்லை. ஒரு புரதத்தால் ஒரு பிள்ளையை இப்படிப் பசிக்க வைக்க முடியுமா? என் வீட்டுக்காரர் என் தாய்மாமன் மகன். சொந்தத்தில் கட்டினதால் வந்ததா? இதற்கு மருந்து இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

கவுந்தப்பாடி விவசாயி எழுதியது:

அக்கா, மனசை விடாதீங்க. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. பேக்கரிச் சாமான், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் வீட்டுக்குள் வரவே கூடாது. கொள்ளுப் பருப்பு, ராகிக் களி, கம்மஞ்சோறு என்று மாற்றிப் பாருங்க. களி சாப்பிட்டால் நாலு மணி நேரம் வயிறு கேட்காது. எங்கள் அப்பாரு காலத்தில் இந்த ஜீன், டெஸ்ட் எல்லாம் யாருக்குத் தெரியும்?

---

பொள்ளாச்சி டீச்சர் எழுதியது:

அம்மிணி, உங்கள் பையன் கெட்ட பையன் இல்லை என்பதை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. உங்கள் பையனுக்கு இன்னதுதான் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது, அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு புரதத்தால் இப்படிப் பசிக்க வைக்க முடியுமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் எனக்குத் தெரியும். முடியும்.

இது தெரியவந்த கதையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் என்று எலிகளை வளர்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு வகைச் சுண்டெலிகள் தாமாகவே பெருத்துப் போயின. ஒரு வகையை ஓபி என்றார்கள், இன்னொன்றை டிபி என்றார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டும் ஓயாமல் தின்னும். டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி இரண்டு எலிகளின் ரத்த ஓட்டத்தை அறுவை செய்து ஒன்றாக இணைத்துப் பார்த்தார். டிபி எலியோடு சாதாரண எலியைச் சேர்த்தால், சாதாரண எலி தீனியைத் தொடாமல் பட்டினியில் செத்தது. டிபி எலியோடு ஓபி எலியைச் சேர்த்தாலும் அப்படித்தான், அதுவரை ஓயாமல் தின்ற ஓபி எலி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. டிபி எலிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இதை வைத்துக் கோல்மன் யோசித்தார். டிபி எலியின் ரத்தத்தில் "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் நிறைய ஓடுகிறது, அதைக் கேட்டு வாங்கும் புரதம்தான் அதன் மூளையில் பழுது. ஓபி எலிக்கு வாங்கும் புரதம் நன்றாக இருக்கிறது, பொருள்தான் சுரக்கவில்லை. எந்தப் பொருள் என்று யாருக்கும் தெரியாத 1970-களிலேயே இப்படிச் சொன்னார். ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ப்ரீட்மன் குழு 1994-இல் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தது. அதுதான் லெப்டின். நம் உடம்புக் கொழுப்பே சுரக்கும் ஹார்மோன். மறுவருஷமே அதைக் கேட்டு வாங்கும் புரதமும், அதாவது லெப்டின் ஏற்பியும், கிடைத்தது. கோல்மன் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. வகுப்பில் இந்தப் பாடம் வரும் நாளில் எனக்குத் தனி உற்சாகம் வந்துவிடும்.

எலியோடு நிற்கவில்லை. 1997-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாகிஸ்தானிலிருந்து போய்க் குடியேறிய ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகளைப் பார்த்தார்கள். பெண்ணுக்கு 8 வயது, 86 கிலோ. அவளுடைய மாமன் அத்தை முறைப் பிள்ளையோ, பெரியப்பா சித்தப்பா பிள்ளையோ, ஒரு பையன், 2 வயது, 29 கிலோ. இரண்டு பேர் ரத்தத்திலும் லெப்டின் இல்லை என்றே சொல்லலாம். பெண்ணுக்கு 9 வயதானபோது தினமும் லெப்டின் ஊசி போட ஆரம்பித்தார்கள். 94 கிலோவில் இருந்தவள் 12 மாதத்தில் 16 கிலோ குறைந்தாள். யாரும் அவளைத் திட்டித் திருத்தவில்லை. குறைந்திருந்த ஹார்மோனைக் கொடுத்தார்கள், பசி அடங்கியது.

இனி உங்கள் டாக்டர் சொன்ன எம்சி4ஆர். மூளையின் அடிப்பக்கத்தில் ஹைபோதாலமஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. லெப்டின் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு வகை நரம்பு செல்கள் மெலனோகார்ட்டின் என்ற ஹார்மோனை வெளியிடும். பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வகை செல்கள் ஏஜிஆர்பி என்ற எதிர்ப் பொருளை வெளியிடும். முதலாவது "போதும்" என்கிறது, இரண்டாவது "இன்னும் வேணும்" என்கிறது. இரண்டும் வந்து பொருந்துவது ஒரே புரதத்தில், அதுதான் எம்சி4ஆர்.

அந்தப் புரதம் நரம்பு செல்லின் சவ்வில், அதாவது செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில், பதிந்திருக்கும். 332 அமினோ அமிலங்களைக் கோத்த ஒற்றை இழை. நீங்கள் நெசவு தெரிந்தவர், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஊடை நூல் பாவுக்கு மேலும் கீழும் போய் வருகிற மாதிரி அந்த இழை சவ்வை ஏழு தடவை ஊடுருவிப் போய் வருகிறது. ஒரு முனை செல்லுக்கு வெளியே, மறு முனை உள்ளே. வெளியே ஹார்மோன் வந்து பொருந்தியதும் புரதத்தின் வடிவம் லேசாக மாறும். அந்த மாற்றம் செல்லுக்கு உள்ளே வேறு புரதங்களைத் தூண்டி, சாப்பாட்டை நிறுத்தச் சொல்லும் செய்தியாகப் போகும். 2020-இல் இதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்தபோது, ஹார்மோன் பொருந்தும் இடத்தில் ஒரு கால்சியம் அயனியும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதற்காகக் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

புரதத்தை எப்படிக் கோக்க வேண்டும் என்ற குறிப்புதான் மரபணு. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் போதும், அந்த இழை சரியாக மடியாமல் போகலாம். மடியாத புரதத்தைச் செல் வெளியே அனுப்பாது, உள்ளேயே நிறுத்திவிடும். சவ்வுக்கு வந்து சேராத புரதத்துக்கு ஹார்மோன் எப்படிக் கிடைக்கும்? எம்சி4ஆர்-க்குத் துணையாக எம்ஆர்ஏபி2 என்று இன்னொரு சின்னச் சவ்வுப் புரதமும் இருக்கிறது. அதை நீக்கிய எலிகளும் பெருத்துப் போயின என்று 2013-இல் காட்டினார்கள். வயிறு நிறைந்திருக்கும், செய்தி மட்டும் போகாது. பச்சை உளுந்தை மெல்லுகிற பிள்ளைக்கு உண்மையிலேயே பசிக்கிறது, அம்மிணி. நீங்களும் நானும் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் வருகிற பசி அது.

கவுந்தப்பாடித் தம்பி சொன்ன சாப்பாடு நல்ல சாப்பாடு, வீட்டில் எல்லாருக்குமே அது நல்லது. ஆனால் ஏற்பியில்தான் குறை என்றால் கொள்ளும் களியும் அதைச் சரிசெய்யாது. களியைச் சாப்பிட்டுவிட்டும் அவன் பசி என்பான். அப்போது அவன் மேல் கோபப்படக் கூடாது. அந்தக் காலத்திலும் இப்படிப் பிறந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள் தம்பி. ஆனால் அள்ளிப் போட வீட்டில் அவ்வளவு சோறு இல்லை.

---

காங்கயம் கால்நடை டாக்டர் எழுதியது:

டீச்சர் சொன்னதற்கு என் தொழிலில் இருந்து ஒன்று சேர்க்கிறேன். கோயம்புத்தூர், திருப்பூர் பங்களாக்களில் லாப்ரடார் வளர்ப்பவர்கள் என்னிடம் வருவார்கள். "எவ்வளவு போட்டாலும் போதவில்லை டாக்டர், தட்டை நக்கிவிட்டு வாசலில் வந்து நிற்கிறது" என்பார்கள். கேம்பிரிட்ஜில் 2016-இல் இதை ஆராய்ந்தார்கள். மெலனோகார்ட்டின் ஹார்மோன் உருவாகும் பிஓஎம்சி மரபணுவில் 14 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இந்தக் குறை உண்டு. டீச்சர் சொன்ன அதே வரிசைதான். அங்கே ஏற்பி சரி, அதற்குப் போய்ச் சேர வேண்டிய ஹார்மோன் குறைவு. பன்றிகளிலும் எம்சி4ஆர் மாற்றம் உள்ளவை அதிகம் தின்று அதிகம் கொழுக்கும், பன்றி இனப்பெருக்கத்தில் அதைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்.

நாயை யாரும் "ஒழுக்கம் இல்லை" என்று சொல்வதில்லை. பிள்ளையைச் சொல்கிறோம். உங்கள் பதிவைப் படித்து எனக்கு மனசு கனத்துப் போனதுங்க.

---

சென்னிமலை தறிக்காரி எழுதியது:

டீச்சர், படித்துவிட்டு வீட்டுக்காரருக்கும் அத்தைக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எலிக் கதையை அத்தை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை, பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். பையனுக்கு இனிப்பில் அவ்வளவு நாட்டம் கிடையாது. கச்சாயம் கொடுத்தால் ஒன்றோடு சரி. ஆனால் தேங்காய்ச் சில்லு, கடலை, எண்ணெய் மிதக்கிற குழம்பு என்றால் விடமாட்டான். இதற்கும் அந்தப் புரதத்துக்கும் தொடர்பு இருக்குமா? கல்யாண விஷயத்தையும் சொல்லுங்க, அதுதான் ராத்திரியெல்லாம் உறுத்துகிறது.

---

திருப்பூர் பனியன் கம்பெனி எழுதியது:

டீச்சர், நடுவில் நானும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு 38 வயது, 104 கிலோ. வாரம் ஒரு ஊசி போட்டால் பசி போய்விடும் என்று கம்பெனியில் ரெண்டு பேர் போட ஆரம்பித்திருக்கிறார்கள். அதுவும் இதே புரதத்தில்தான் வேலை செய்கிறதா? இந்த அக்கா பையனுக்கும் அது ஆகுமா?

---

பொள்ளாச்சி டீச்சர் எழுதியது:

முதலில் கல்யாணம். அம்மிணி, உங்களை உறுத்த வேண்டிய விஷயம் இதில் இல்லை. லெப்டின் குறைபாடும் லெப்டின் ஏற்பிக் குறைபாடும் வர, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு பழுதான பிரதிகள் சேர வேண்டும். சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். எம்சி4ஆர் அப்படி இல்லை. ஒரே ஒரு பிரதி பழுதானாலே போதும், அந்நியத்தில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். இரண்டும் பழுதானால் இன்னும் கடுமையாக இருக்கும். எதுவானாலும், யாருடைய ரத்தத்தில் எது ஒளிந்திருக்கிறது என்று மணவறையில் உட்கார்ந்தபோது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அடுத்த தலைமுறையில் உங்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இது கையில் இருக்கும் தகவல், அவ்வளவுதான்.

தேங்காய்ச் சில்லு விஷயம் நல்ல கவனிப்பு. கேம்பிரிட்ஜில் 2016-இல் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று பாத்திரம் சிக்கன் குருமா. பார்க்கவும் ருசிக்கவும் ஒன்றுபோல, கொழுப்பின் அளவு மட்டும் வேறு வேறு. எம்சி4ஆர் குறைபாடு உள்ளவர்கள், எதில் கொழுப்பு அதிகம் என்று சொல்லாமலேயே, கொழுப்பு கூடின குருமாவை ஒல்லியானவர்களை விட 95 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். இனிப்புப் பண்டத்தில் நேர்மாறு, சர்க்கரை கூடினது அவர்களுக்கு மற்றவர்களை விடக் குறைவாகவே பிடித்தது. இதை வைத்து உங்கள் பையனுக்கு அதுதான் என்று முடிவு கட்டாதீர்கள், தேங்காய் பிடிக்காத பிள்ளை நம் பக்கம் யார் இருக்கிறார்கள்? ஆனால் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். சமையலிலும் உதவும். இனிப்பை மட்டும் ஒளித்து வைத்துப் பயன் இல்லை, குழம்புக்கு அரைக்கும் தேங்காயையும் ஊற்றும் எண்ணெயையும்தான் குறைக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அதே குழம்பு. அவனுக்குத் தனிச் சட்டி வைக்காதீர்கள்.

உயரத்தை ஏன் டாக்டர் குறித்தார் என்றால், தைராய்டு குறைவு மாதிரி ஹார்மோன் கோளாறுகளில் பிள்ளை குள்ளமாக இருக்கும். எம்சி4ஆர் குறையில் வயதுக்கு மீறின உயரம் இருக்கும். 6 வயதில் 127 என்பது நல்ல உயரம். பிரேடர் வில்லி என்று இன்னொரு நோயிலும் அடங்காப் பசி உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருக்கும்போது துவண்டு கிடக்கும், பாலை உறிஞ்சவே தெம்பு இருக்காது. உங்கள் பையன் பாலுக்கு அழுதான் என்கிறீர்கள். இதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கூட்டத்தில் மறந்துவிடும்.

மருந்து. திருப்பூர்த் தம்பி, நீங்கள் சொல்லும் ஊசி, ஜிஎல்பி-1 என்ற இன்னொரு ஹார்மோனை வாங்கும் ஏற்பியில் வேலை செய்வது. அதுவும் சவ்வுப் புரதம்தான், அதுவும் மூளையில் இருக்கிறது, ஆனால் வேறு புரதம். எம்சி4ஆர் பழுதானவர்களுக்கும் அந்த வகை மருந்தில் எடை குறைந்திருக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் 6 வயதுக் குழந்தைக்கு நாமாக வாங்கிப் போடுகிற மருந்து இல்லை அது. உங்களுக்கும் சொல்கிறேன், பக்கத்து சீட்டுக்காரர் போடுகிறார் என்று போடாதீர்கள். டாக்டரைப் பார்த்து, சர்க்கரை, கணையம், பித்தப்பை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

எம்சி4ஆர்-ஐயே தூண்டும் செட்மெலனோடைட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கொடுத்தார்கள். லெப்டின் ஏற்பி, பிஓஎம்சி மாதிரி, எம்சி4ஆர்-க்கு முந்தின இடத்தில் பழுது உள்ளவர்களுக்கு அது. ஏற்பி நன்றாக இருந்து செய்தி வராதவர்களுக்கு அந்தச் செய்தியை மருந்து கொடுக்கிறது. ஏற்பியே பழுதானால் தூண்டுவதற்கு என்ன இருக்கிறது? அதனால்தான் எந்தப் புரதத்தில் குறை என்று தெரிந்துகொள்வது முக்கியம். ரத்தத்தில் லெப்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். லெப்டினே இல்லை என்று வந்தால் அதற்கு நேரடியாக மருந்து இருக்கிறது, அந்த ஒன்றைத் தவறவிடவே கூடாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜ் குழு சின்ன வயதிலேயே கடுமையாகப் பருத்த 500 பேரைச் சோதித்து 2003-இல் வெளியிட்டது. எம்சி4ஆர் மாற்றம் இருந்தது 5.8 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே உங்கள் பையன் ரிப்போர்ட்டில் ஒன்றுமே வராமல் போகலாம். அப்படி வந்தால் "பார்த்தாயா, ஊட்டித்தான் கெடுத்தாய்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இடம் கொடுக்காதீர்கள். எடையில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. சின்னச் சின்ன வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தும் பசியைக் கூட்டும், அதில் பலவும் மூளையில் வேலை செய்கிறவை. ரிப்போர்ட்டில் பெயர் வராத பசியும் பசிதான்.

எம்சி4ஆர் என்று உறுதியானால் ஒரு ஆறுதல் உண்டு. சின்ன வயதில் இருக்கும் அந்த வெறிப் பசி, வளர வளரக் கொஞ்சம் தணிகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அதுவரை தீனியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள், ஊறப்போட்ட அரிசி உளுந்தை ராத்திரி எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். இனிமேல் வகுப்பில் வைத்து எடையைச் சொல்லக் கூடாது என்று அதில் எழுதியிருக்கட்டும்.

---

சென்னிமலை தறிக்காரி எழுதியது:

டீச்சர், வியாழக்கிழமை போகிறோம். வீட்டுக்காரரும் லீவு போட்டு வருகிறார். அவருக்கும் எனக்கும் ரத்தம் எடுக்க வேண்டி வருமா?

---

பொள்ளாச்சி டீச்சர் எழுதியது:

முதலில் பையனுக்கு மட்டும் எடுப்பார்கள், கொஞ்சம் ரத்தம்தான். அவனிடம் ஏதாவது மாற்றம் தெரிந்தால், அது யார் வழியில் வந்தது என்று பார்க்க உங்கள் இரண்டு பேரிடமும் கேட்பார்கள். ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும், அதுவரை தினமும் போன் செய்து மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். "விளைவு தெரியாத மாற்றம்" என்று ஒரு வரி அதில் வரக்கூடும். நோய் என்றும் அர்த்தம் இல்லை, இல்லை என்றும் அர்த்தம் இல்லை. அப்படி வந்தால் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும், பேரையும் ஊரையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள் அம்மிணி. வரி வரியாக உட்கார்ந்து படிக்கலாம்.